லாண்ட் குரூசரை ஓட்டியது யார் என்பது பற்றி

பெயர்: ஆனந்தராஜா சிவனேஸ்வரி. வயது: அறுபத்து நான்கு. முகவரி: வோட்டில் கிளோஸ், டூங்கபி, நியூ சவுத் வேல்ஸ். தொழில்: முன்பு வைத்தியசாலைக் குசினியில் சமையல் வேலை செய்தேன், இப்போது எனது கணவரைப் பராமரிக்கிறேன். பேசும் மொழி: தமிழ்.

இந்த வாக்குமூலத்தைக் கொடுப்பதற்கு நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொல்வது நீதிமன்றத்தில் எனக்கு எதிராகப் பயன்படலாம் என்றும், விரும்பினால் முதலில் சட்டத்தரணி ஒருவருடன் பேசலாம் என்றும் உத்தியோகத்தர் எனக்கு விளக்கினார். அதை மொழிபெயர்ப்பாளர் திருமதி விமலா தமிழில் சொன்னார். எனக்கு விளங்கியது. இன்னொரு நாள் வந்து சொல்வதற்கு எனக்குத் தெம்பு இருக்குமோ தெரியாது. ஆகவே இன்றைக்கே சொல்லுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை எங்கள் வீதியில் எங்கள் வாகனம் மோதியதால் எதிர்வீட்டில் வசிக்கும் வரதராஜன் என்பவரின் கால் முறிந்தது. அந்த வாகனத்தை ஓட்டியவர் எனது கணவர் ஆனந்தராஜா என்று அன்று பொலிசார் பதிந்துள்ளார்கள். அது பிழை. ஓட்டியது நான். அது எப்படி நடந்தது என்பதை முதலில் இருந்து சொல்லுகிறேன்.

எனது கணவர் லொறிகள் திருத்தும் வேலைத்தளம் ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவர் டபோவுக்கு அப்பால் ஒரு பண்ணையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய லாண்ட் குரூசர் ஒன்றை வாங்கி, இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கராஜில் இறக்கினார். அது 1974ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரே நீள இருக்கையும் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டும் உடையது. வந்தபோது கால் வைக்கும் தகடு துருவேறி, இருக்கையில் இருந்தபடியே நிலத்தைப் பார்க்கக்கூடியதாக இருந்தது. இருக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். என்னுடைய கார் அன்றிலிருந்து வெளியே வெயிலில் நிற்கிறது.

அந்த வாகனத்தை மினுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய எண்ணம் அல்ல. அதை மண் பாதைகளில் ஓடக்கூடியதாகச் செய்து, நாங்கள் இருவரும் அதில் நாட்டின் நடுப்பகுதிக்குப் போய் வரவேண்டும் என்று சொன்னார். ஆகவே துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்து ஒட்டினார். எஞ்சினை இறக்கிப் பிரித்துத் திருத்தினார். எஞ்சினைத் திரும்ப ஏற்றிய அன்று, அதைத் தூக்கும் சங்கிலியைப் பிடிப்பதற்கு வரதராஜன் வந்து உதவினார். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், கணினி வேலை செய்பவர், எனது கணவரை அண்ணா என்று அழைப்பார். வேலை முடிந்த பின்னர் தனது சேட்டில் பட்ட கிறீசைக் காட்டி, "நாகலட்சுமி இன்னைக்கு என்னை உள்ள விடமாட்டா அக்கா" என்று சொல்லிச் சிரித்தார். நாகலட்சுமி அவருடைய மனைவி.

அதன் பின்னர் எனது கணவர் கை வலிக்கும் பழைய ஸ்ரியறிங்கை எடுத்துவிட்டு பவர் ஸ்ரியறிங் பூட்டினார். வயர்கள் முழுவதையும் புதிதாக இழுத்தார். முன் சக்கரங்களின் பழைய டிறம் பிறேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிறேக் போடுவதற்கான சாமான்களை வரவழைத்துப் பெட்டியோடு வாகனத்தின் பின் தட்டில் வைத்தார். அந்தப் பெட்டி அங்கே நெடுநாள் இருந்தது. அவருக்கு நோய் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

ஒருநாள் காலை அவர் கார்புரேற்றரைக் கழற்றி, அதன் துண்டுகளை ஒரு தட்டத்தில் பரப்பி வைத்திருந்தார். நான் வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வந்தபோதும் அதே கதிரையில் இருந்து அதே துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. "பூட்டேல்லையோ?" என்று கேட்டேன். "பூட்டுவம்" என்றார். அடுத்த நாளும் துடைத்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "இது எதின்ர சாமான்?" என்று கேட்டார்.

அதன் பின்னர் மருத்துவரிடம் காட்டினோம். படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், மறதி நோய் என்று சொன்னார்கள். வாகனம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது எனது கணவர் மறுத்துப் பேசவில்லை. தனது சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பணப்பையில் இருந்து தானே எடுத்து மருத்துவரின் மேசையில் வைத்தார். அதை ஏன் தனக்குத் தருகிறார் என்று மருத்துவருக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து அவர் எந்த வாகனத்தையும் ஓட்டவில்லை. எனது காரின் சாவி குசினிச் சுவரில் எல்லோருக்கும் தெரியத் தொங்குகிறது. அவர் அதைத் தொட்டதே இல்லை. இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் பின்னர் நான் வேலையை விட்டேன். எங்களுக்கு ஒரே மகள். பெயர் வினுஷா. மெல்பேர்னில் ரோவிலில் இருக்கிறாள். கணவன், இரண்டு பிள்ளைகள், மருந்துக்கடையில் வேலை. அவள் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைப்பாள். வேறு ஆட்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. எனது கணவர் அந்நிய முகத்தைக் கண்டால் குழம்புவார். அவர் குழம்பினால் அன்று முழுவதும் நான் அவருக்குப் பின்னால் நடக்க வேண்டும். ஆகவே நானும் எவரையும் வரச் சொல்லவில்லை.

ஒருநாள் கராஜ் தரையில் கறுப்புப் பூச்சு ஊற்றுப்பட்டுக் கிடந்ததால், அதைச் சுரண்டுவதற்காக அவர் வேலைத்தளத்தில் உடுத்த பழைய நீல ஓவரோலைப் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றவர் நிமிர்ந்து பார்த்து, "மகாதேவன், வந்திட்டியே. அந்தப் பதினேழைத் தா" என்றார். மகாதேவன் என்பவர் அவருடன் ஒரே வேலைத்தளத்தில் வேலை செய்தவர். நல்ல சிநேகிதர். அவர் காலமாகிப் பல வருடங்கள். "மகாதேவன் இல்லை, நான் சிவனேஸ்" என்று சொன்னேன். எனது கணவரின் முகம் மாறியது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, எங்கே வந்து நிற்கிறோம் என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். அதைப் பார்த்த பின்னர் நான் சாமான் பெட்டியைத் துழாவி, பதினேழாம் இலக்கச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி ஒரு நட்டை இறுக்கினார். அன்று மத்தியானம் வரை வேலை செய்தார். பல மாதங்களுக்குப் பின்னர் அன்றுதான் அவர் ஒரு வேலையைத் தொடங்கி முடித்தார்.

அடுத்த நாளும் நான் ஓவரோலைப் போட்டேன்.

அதன் பின்னர் அந்த வாகனத்தைத் திருத்தியது நானும் அவரும் சேர்ந்து. முதலில் அவர் செய்தார், நான் சாமான் எடுத்துக் கொடுத்தேன். பின்னர் அவர் சொன்னார், நான் செய்தேன். பின்னர் அவர் சொல்வதும் குறைந்தது. கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பார். நான் பிழையாகப் பூட்டினால் தலையை ஆட்டுவார். எது பிழை என்று அவரால் சொல்ல முடியாது, ஆனால் பிழை என்பது அவருக்குத் தெரியும். தலையை ஆட்டாமல் விடும்வரை நான் கழற்றிக் கழற்றிப் பூட்டுவேன். தெரியாததை யூடியூபில் பார்த்தேன். கார்புரேற்றரைத் திரும்பப் பூட்டி முடிக்க ஒரு குளிர்காலம் முழுவதும் போனது.

இதை நான் வாகனத்தின் மேல் உள்ள ஆசையால் செய்யவில்லை. மனைவியாகச் சொன்னால் கேட்காதவற்றை மகாதேவனாகச் சொன்னால் அவர் கேட்டார். குளிக்கச் சொன்னால் என்னைத் தள்ளிவிடுவார். "அண்ணை, வேலை முடிஞ்சுது, கழுவிப்போட்டுப் போவம்" என்று சொன்னால் எழும்பி வருவார். மாத்திரையை என் கையில் இருந்து வாங்கமாட்டார். ஓவரோல் பொக்கற்றில் இருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்குவார். இரவில் நான் உடுப்பை மாற்றிக்கொண்டு சாப்பாடு போட்டால், யார் வீட்டிலோ சாப்பிடுவதுபோலக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, "காணும், நல்லாயிருக்கு" என்று மரியாதையாகச் சொல்லுவார்.

ஒருநாள் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு கராஜ் வாசலில் இருந்தோம். அன்று அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். நான், "அண்ணை, வீட்டில அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அவள் நல்லாக் களைச்சுப்போனாள், மகாதேவன். நான் ஒண்டும் கேக்கிறேல்லை. கேட்டால் அழுவாள்" என்றார். பிறகு, "நீ போகேக்க ஒருக்கா எட்டிப் பார்" என்றார். ஓம் என்று சொன்னேன். அதன் பின்னர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினேன்.

கடைசியாக இருந்த பெரிய வேலை பிறேக். பெட்டியில் இருந்த டிஸ்க் பிறேக் சாமான்களை நான் பூட்டினேன். பூட்டிய பின்னர் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிறேக் மிதியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்து சிறிய ஆணி ஒன்றைத் தளர்த்தி, எண்ணெயோடு காற்றை வெளியே விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். இறுக்கும் வரை உள்ளே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனது கணவரை உள்ளே இருத்தி, "அமத்துங்கோ அண்ணை, விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு நான் கீழே போவேன். ஆணியைத் தளர்த்தும் நேரத்தில் அவர் மறந்து காலை எடுத்துவிடுவார். எத்தனையோ தரம் செய்தோம். அவருக்குக் கால் நடுங்கத் தொடங்கியதால் நிறுத்தினேன்.

எதிர்வீட்டு வரதராஜனைக் கூப்பிட்டிருந்தால் அவர் வந்து மிதியைப் பிடித்திருப்பார். ஏதும் உதவி வேண்டுமா என்று அந்தக் கிழமையும் கேட்டவர். நான் கூப்பிடவில்லை. அவரை வரச் சொல்லி, எனது கணவர் குழம்பாமல் பார்த்து, நான் ஏன் ஓவரோலில் நிற்கிறேன், ஏன் என்னை மகாதேவன் என்கிறார் என்பதை எல்லாம் விளக்க வேண்டும் என்று நினைத்தபோதே எனக்கு அலுப்பாக இருந்தது. கூப்பிடாமல் விட்டதற்கு வேறு காரணம் இல்லை. அதன் பின்னர் மிதியை நானே அமுக்கிப் பார்த்தேன். முதல் தரம் அமுக்கினால் ஆழமாகப் போகும். இரண்டாம் தரம் அமுக்கினால் பிடிக்கும். இது எனக்குத் தெரிந்திருந்தது. வாகனத்தின் பிறேக்கைச் சோதித்த பொலிஸ் மெக்கானிக்கும் இதையே எழுதியிருப்பதாக உத்தியோகத்தர் இன்று சொன்னார். அது சரி. அந்தப் பிறேக்கைப் பூட்டியது நான். அரைகுறையாக விட்டதும் நான்.

இந்த வருடம் தொடக்கத்தில் நான் குசினியில் மயங்கி விழுந்தேன். அதைக் கேட்ட பின்னர் வினுஷா மெல்பேர்னில் இருந்து வந்து, பராமரிப்பு இல்லம் ஒன்றில் தந்தைக்கு இடம் கேட்டு எழுதினாள். நான் முதலில் வேண்டாம் என்றேன், பின்னர் சம்மதித்தேன். அங்கே இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று தோட்டத்தோடு திறந்திருக்கும் பகுதி. மற்றது கதவு பூட்டி வைத்திருக்கும் பகுதி. வீட்டை விட்டு ஓடாதவர், எவருக்கும் ஆபத்து இல்லாதவர் என்பதால் எனது கணவருக்குத் திறந்த பகுதியில் இடம் கொடுத்தார்கள். இந்தக் கிழமை திங்கட்கிழமை அவர் அங்கே போக வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய வியாழக்கிழமை பிற்பகல் நான் அவருடைய உடுப்புகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் கராஜுக்குள் போய் வாகனத்தின் இடது பக்கக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். அவர் திங்கட்கிழமை போனால் அந்த வாகனத்தில் ஒருநாளும் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீதி வளைவோடு முடியும் சிறிய வீதி. அந்த வளைவு வரை போய்த் திரும்பி வரலாம் என்று நினைத்தேன். வாகனம் பதியப்படவில்லை, காப்புறுதி இல்லை, வீதியில் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வாகனத்தை எடுக்கச் சொல்லி எவரும் என்னிடம் கேட்கவில்லை. எனது கணவரும் கேட்கவில்லை. நானே முடிவெடுத்தேன்.

நான் ஓவரோலைப் போட்டுக்கொண்டு, அவரை இடது பக்கம் ஏற்றி, இருக்கைப் பட்டியை மாட்டினேன். நான் வலது பக்கம் ஏறி எஞ்சினை இயக்கினேன். உடனே இயங்கியது. பின்னால் எடுத்து வீதியில் இறக்கினேன். வளைவை நோக்கிப் போகும்போது அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டு, எஞ்சினின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். பிறகு, "மூண்டாவதில போடு, எஞ்சின் அழுகுது" என்றார். போட்டேன். "இப்ப சரி" என்றார். அவர் அப்படி ஒரு வசனம் சரியாகச் சொல்லி எவ்வளவோ காலம். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வளைவில் திரும்பிய பின்னரும் ஒருதரம் பார்த்தேன்.

திரும்பி வரும் பக்கம் இறக்கம். அன்று குப்பை எடுக்கும் நாள். வரதராஜன் தனது வீட்டுக்கு முன்னால் வெறும் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். முதுகு வீதிப் பக்கம் இருந்தது. எங்கள் வாசலில் திரும்புவதற்காக நான் பிறேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போனது. காலை எடுத்து இரண்டாம் தரம் மிதித்தேன். பிடித்தது. ஆனால் அதற்கிடையில் வாகனம் வாசலில் திரும்பாமல் அவர் நின்ற எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி, குப்பைத் தொட்டியை இடித்து, தொட்டியோடு அவரையும் அவருடைய செங்கல் தபால்பெட்டியோடு நெருக்கிவிட்டது. வேகம் அதிகம் இல்லை. சத்தமும் பெரிதாக இல்லை. அவர் "அம்மா" என்றது மட்டும் கேட்டது.

நான் எஞ்சினை நிறுத்தாமல், கியரை மட்டும் விடுவித்துவிட்டு இறங்கி ஓடினேன். வரதராஜன் நிலத்தில் இருந்தார். வலது கால் கணுக்காலுக்கு மேலே மடங்கியிருந்தது. நான் பக்கத்தில் முழந்தாளில் இருந்து அவருடைய தலையைப் பிடித்தேன். அவர், "எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா, அண்ணாவைப் பாருங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனது காதில் இன்னும் இருக்கிறது. அதற்குள் நாகலட்சுமி உள்ளே இருந்து ஓடி வந்தார். அந்த நேரம் எஞ்சின் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது எனது கணவர் பட்டியைக் கழற்றி, நீள இருக்கையில் நகர்ந்து, சாரதியின் இடத்துக்கு வந்திருந்தார். கைப்பிறேக்கை இழுத்திருந்தார். சாவி அவருடைய கையில் இருந்தது. இயங்கும் எஞ்சினை எவரும் இல்லாமல் விடக்கூடாது என்பது அவருடைய தொழிலில் முதலாவது பழக்கம். நாகலட்சுமி நிமிர்ந்து பார்த்தபோது கண்டது சாரதி இடத்தில் இருந்த எனது கணவரை. நாகலட்சுமி பொலிசாருக்குச் சொன்னது தான் கண்டதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

அதன் பின்னர் அம்புலன்சும் பொலிசும் வந்தன. யார் ஓட்டியது என்று உத்தியோகத்தர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறக்க முன்னர் எனது கணவர் ஆங்கிலத்தில், "ஐ ஆம் த டிரைவர், சேர்" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "மகாதேவன், நீ பேசாமல் நில். உனக்குப் பிள்ளையள் சின்னன். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவர் தமிழில் சொன்னது உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை. நான் பேசாமல் நின்றேன். அதன் பின்னர் எனது கணவரின் காற்சட்டை நனைந்திருப்பதைக் கண்டு, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உடுப்பு மாற்றினேன். வெளியே வந்தபோது எழுதி முடித்திருந்தார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டது எனது பிழை. பயத்தால் சொல்லவில்லை.

அன்றே எனது கணவரைப் பரிசோதனைக்காக வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அடுத்த நாள் வினுஷா வந்தாள். பராமரிப்பு இல்லத்தில் இருந்து தொலைபேசி வந்தது. சாவியை எடுத்து வாகனம் ஓட்டக்கூடிய ஒருவரைத் திறந்த பகுதியில் வைக்க முடியாது என்றும், வருவதானால் பூட்டிய பகுதிக்குத்தான் வரலாம் என்றும் சொன்னார்கள். அதன் பின்னர்தான் நான் வினுஷாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள், "அம்மா, லீவ் இற். அப்பாவை ஒருத்தரும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டினம். அவருக்கு என்ன நடந்தது எண்டே தெரியாது" என்றாள்.

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமெல்லே" என்றேன்.

"அப்பாவும் அங்க, நீங்களும் கோர்ட் கேஸ் எண்டு அலைஞ்சா, நான் ஒராள் என்ன செய்யிறது? சொல்லுங்கோ" என்று கேட்டாள். அவள் அழுதாள். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அன்று இருவரும் சமைக்கவில்லை.

நேற்று நான் வரதராஜனைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனேன். காலில் சத்திரசிகிச்சை முடிந்து, தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். நாகலட்சுமியும் அங்கே இருந்தார். நான் இருவருக்கும் ஓட்டியது நான் என்பதையும், பிறேக் சரியில்லை என்று தெரிந்தே ஓட்டியதையும் சொன்னேன். வரதராஜன், "அக்கா, இதை இப்ப எதுக்குச் சொல்றீங்க? அண்ணா ஓட்டினதாவே இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு ஏன் வம்பு?" என்றார். நாகலட்சுமி அவரை இடைமறித்து, "இல்ல, அவங்க சொல்லட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தெரிஞ்சே எடுத்தீங்களா? எங்க பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம் அது. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆயிருந்தா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். நான் எழும்பி வெளியே வந்தபோது நாகலட்சுமி எனக்குப் பின்னால் வந்து, லிப்ற் கதவு திறக்கும் வரை பக்கத்தில் நின்றார். "அவர் நடக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

எனது கணவருக்குத் திறந்த பகுதியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கதையைச் சொல்கிறேனா என்று உத்தியோகத்தர் கேட்டார். அப்படிக் கேட்பது நியாயம். அந்த இடம் கிடைத்தால் எனக்கு ஆறுதல். கிடைக்காவிட்டாலும் நான் சொல்வது இதுதான். எனது கணவர் வாழ்நாள் முழுவதும் வாகனங்களோடு வேலை செய்தவர். அவர் ஓட்டி எவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை அவரால் இனி வாசிக்க முடியாது. அதனால் அதை வாசிக்கக்கூடிய நான் சரியாக எழுதுவிக்க வேண்டியிருக்கிறது. வாகனம் பொலிஸ் வளவில் நிற்கிறது. அதை என்ன செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் இந்த வாக்குமூலம் கொடுக்கப்போவது எனது கணவருக்குத் தெரியுமா என்பது உத்தியோகத்தரின் கடைசிக் கேள்வி. இன்று காலை இங்கே வர முன்னர் வைத்தியசாலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். சேலைதான் உடுத்திருந்தேன். அவர் யன்னல் பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்து, "நான் பொலிசுக்குப் போறன். வாகனம் ஓடினது நான் எண்டு சொல்லப் போறன்" என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். "ஆருக்கும் காயமோ?" என்று கேட்டார். "ஓம், ஒராளுக்குக் கால் முறிஞ்சு போச்சு. சுகம் வரும் எண்டு சொல்லினம்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ, தங்கச்சி. பயப்பிடாதேங்கோ. வீட்டில உங்கட மனுசன் பாத்துக்கொண்டிருப்பார்" என்றார். "ஓம், போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொன்னவை அனைத்தும் தமிழில் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டன. இரண்டு இடங்களில் எனது கணவரை நோயாளி என்று எழுதியிருந்ததை ஆனந்தராஜா என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். எவரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, எவரும் எனக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. இதில் உள்ளவை நான் கண்டவையும் செய்தவையும். அவை உண்மை என்று அறிந்தே எனது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சிவனேஸ்வரி

வாசித்து விளக்கியவர்: விமலா, தமிழ் மொழிபெயர்ப்பாளர்